பிரேக் பூஸ்டர் எச்சரிக்கை: பழைய லேண்ட் குரூசர், பிராடோ வண்டிகளில் பம்பின் சத்தத்தை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிகிறது. கூடவே ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), விஎஸ்சி (வண்டி சறுக்காமல் காப்பது) மஞ்சள் விளக்குகளும் எரிகின்றன. காதைத் துளைக்கும் பஸ்ஸர் ஒலி நிற்க மறுக்கிறது. டொயோட்டாவின் 100 வரிசை லேண்ட் குரூசர், 120 வரிசை பிராடோ, இவற்றின் லெக்சஸ் வடிவங்கள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பட்டறையில் கிடைக்கும் பதிலும் பழையதுதான்: "பூஸ்டர் போய்விட்டது, முழு செட்டையும் மாற்ற வேண்டும்." பூஸ்டர் என்பது பெடலை மிதிக்கும் கால் பலத்தைக் கூட்டித் தரும் பாகம். பம்ப், மோட்டார் எல்லாம் சேர்ந்த அந்த முழு செட்டின் விலையைக் கேட்டால் வண்டியையே விற்றுவிடலாமா என்று தோன்றும். ஆனால் பழுது பெரும்பாலும் அந்த செட்டின் ஏதோ ஒரு பாகத்தில்தான் இருக்கும். அது எந்தப் பாகம் என்பதை பம்ப் எப்போது ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பதைக் கவனித்தே பெருமளவு சொல்லிவிடலாம். பாகம் வாங்கும் முன் காதைக் கொடுங்கள்.

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை?

பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கத்தில் இஞ்சின் அறையின் பின்சுவரைப் பாருங்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் ஓடும் வண்டி என்றால் வலப்புறம். வளைகுடா நாட்டு வண்டி என்றால் இடப்புறம். அங்கே பெரிய வட்டமான கறுப்புத் தகர டப்பா ஒன்று சுவரோடு ஒட்டியிருந்தால் அது வேக்குவம் பூஸ்டர். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். டப்பா இல்லாமல் மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்), சிறிய மின்மோட்டார், அதன் அருகில் கைக்கடக்கமான ஓர் உலோக உருளை மூன்றும் ஒரே கட்டியாக இருந்தால் அது ஹைட்ராலிக் பூஸ்டர். ஒரே ஆண்டு, ஒரே பெயருள்ள வண்டிகளிலும் நாட்டுக்கும் இஞ்சினுக்கும் ஏற்ப இரண்டு வகையும் உண்டு. எனவே மாதிரியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

ஹைட்ராலிக் வகை வேலை செய்யும் விதம் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் போன்றது. மோட்டார் பம்பை ஓட்டி, பிரேக் ஆயிலை அழுத்தத்துடன் அந்த உருளைக்குள் ஏற்றுகிறது. அதுதான் அக்குமுலேட்டர். உள்ளே ஒரு தடுப்பு உண்டு. ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் ஆயில். ஆயில் ஏற ஏற வாயு நசுங்கி அழுத்தத்தைச் சேமிக்கிறது. நிறைந்ததும் மோட்டார் நிற்கும். பெடலை மிதிக்கும்போது சேமிப்பு குறையும். குறைந்தால் மோட்டார் மறுபடி ஓடும். அப்படியானால் பழுது மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்க முடியும்: மோட்டாருக்குத் தெம்பில்லை, தொட்டி சுருங்கிவிட்டது, அல்லது எங்கோ குழாய் ஒழுகுகிறது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது பஸ்ஸர் அடித்தால்

மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு இதை முதலில் படியுங்கள். இந்த அமைப்பில் முன் சக்கர பிரேக்குக்கு மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அழுத்தம் போகிறது. பின் சக்கரங்களுக்குப் போவது பம்ப் சேமித்து வைத்த அழுத்தம். சேமிப்பு தீர்ந்தால் பின் பிரேக் ஏறக்குறைய இல்லை. முன் பிரேக் மட்டும், அதுவும் முழுக்க உங்கள் கால் பலத்தில். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி அப்படி நிற்பதற்கு எடுத்துக்கொள்ளும் தூரம் பயமுறுத்தும்.

பெடலை விட்டு விட்டுப் பலமுறை மிதிக்காதீர்கள். பழைய அம்பாசடர் காலத்துப் பழக்கத்தில் பலருக்கும் கால் தானாகவே 'பம்ப்' செய்யப் போகும். இங்கே ஒவ்வொரு மிதிப்பும் மிச்சமிருக்கும் அழுத்தத்தைச் செலவழிக்கும். ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். கியரைக் குறையுங்கள். கை பிரேக் இந்த வண்டிகளில் தனிக் கேபிளில் இயங்குவதால் பூஸ்டர் போனாலும் அது வேலை செய்யும். படிப்படியாக இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் வழுக்கும். சாவியை மட்டும் அணைக்காதீர்கள். பம்ப் ஓடுவது பேட்டரியில். இஞ்சின் நின்றுபோனாலும் சாவி ஆனில் இருக்கும்வரை அது ஓடும்.

நிறுத்திய பிறகு பஸ்ஸர் அடங்கிவிட்டாலும், அதை நம்பிப் பட்டறைவரை ஓட்டிப் போக வேண்டாம். வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சொல்லிவிடுங்கள். பஸ்ஸர் தொல்லை என்று அதன் கம்பியைத் துண்டித்துவிட்டு ஓட்டும் மகானுபாவர்களும் இருக்கிறார்கள். அந்த வண்டியை வாங்கப் போகிறவரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

நல்ல பம்பின் சத்தம்

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். சாவி ஆஃப். பெடலை 40 முறை மிதியுங்கள். கணக்கு விடாமல், முழுதாக. முதலில் மெத்தென்று இறங்கும் பெடல் போகப்போகக் கட்டையாகிவிடும். இப்போது சேமிப்பு காலி. சாவியை ஆனில் வையுங்கள்; இஞ்சினை ஓட விட வேண்டாம். 'ஊஊ' என்ற மோட்டார் சத்தம் உடனே தொடங்கும். நல்ல நிலையில் அரை நிமிடம், சற்று முன்பின் ஓடி, சட்டென்று நிற்கும். அந்த இடைவெளியில் பஸ்ஸரும் விளக்கும் வந்து அணைவது இயல்பு. பிறகு இரண்டு மூன்று முறை மிதித்தால் சில விநாடிகள் ஓடி நிற்கும். பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் அது வாய் திறக்கக் கூடாது.

இந்தச் சோதனையை வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை செய்து, விநாடிகளைக் குறித்து வையுங்கள். பழுது வரும் நாளில் ஒப்பிட வேறு அளவுகோல் தேவைப்படாது.

விளக்கு எரிகிறது, பெடலும் பம்பும் பழையபடியே இருக்கின்றன

இது எளிய வகை. கை பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, அதன் சுவிட்ச் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில் மட்டம். பிரேக் பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வரும், மட்டம் இறங்கும். எனவே மட்டம் குறைந்திருந்தால் ஊற்றுவதற்கு முன் பேடின் கனத்தைப் பாருங்கள்.

மட்டம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பம்ப் நிறைத்து வைத்திருக்கும்போது ஆயிலின் ஒரு பகுதி அக்குமுலேட்டருக்குள் இருக்கும். மேலே உள்ள ஆயில் டப்பாவில் மட்டம் தாழ்ந்து தெரியும். அதைப் பார்த்து மேல் கோடுவரை ஊற்றிவிட்டால், பிறகு அழுத்தம் இறங்கும் நாளில் டப்பா வழிந்து பக்கத்துப் பெயிண்டைத் தின்றுவிடும். எனவே சாவி ஆஃபில் 40 முறை மிதித்த பின்புதான் மேல் கோட்டைப் பார்க்க வேண்டும். எங்காவது சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். மூடியில் என்ன தரம் அச்சிட்டிருக்கிறதோ, அந்த ஆயில்தான். டாட் 3 என்று இருக்கும் வண்டியில் சிலிகான் வகையான டாட் 5ஐ ஊற்றுவது முழு அமைப்பையும் கெடுக்கும் வழி.

சிவப்பு விளக்கும் பஸ்ஸரும் இல்லாமல் ஏபிஎஸ், விஎஸ்சி மஞ்சள் விளக்குகள் மட்டும் எரிந்தால் பூஸ்டரைத் தொடாதீர்கள். அது பெரும்பாலும் சக்கர வேக சென்சார் விவகாரம்.

பம்ப் ஓடவே இல்லை

சாவியை ஆன் செய்தால் நிசப்தம், பஸ்ஸர் மட்டும் அடிக்கிறது என்றால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள். இந்த மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். பேட்டரி நொந்துபோனால் முதலில் முனகுவது இதுதான். மல்டிமீட்டரில், இஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அதன் பிறகு பியூஸ், ரிலே, எர்த் கம்பி. எர்த் இணைப்பில் பச்சை படிந்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கடலோர ஊர்களில் இதுவே பாதிப் பிரச்சினை.

அடுத்து முடிவைச் சொல்லும் சோதனை. சேமிப்பைக் காலி செய்து, ஒருவரைச் சாவியை ஆன் செய்யச் சொல்லி, மோட்டாரின் இணைப்பில் வோல்டேஜ் பாருங்கள். பேட்டரியின் அளவு அங்கே வருகிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் பழி மோட்டார்மேல். அங்கே ஒன்றும் வரவில்லை என்றால் ரிலே, பியூஸ் அல்லது வயர். மோட்டாரை மாற்றினாலும் பயனில்லை.

மோட்டார்தான் என்றால் அதன் உடம்பில் திருப்புளியின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மெதுவாக இரண்டு தட்டு தட்டுங்கள். மோட்டாரை மட்டும், பக்கத்தில் இருக்கும் உருளையைத் தட்டவே கூடாது. திடீரென்று ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து குட்டையாகிவிட்டது என்று பொருள். இந்த வயதுடைய வண்டிகளில் மிக அதிகமாகக் காணும் பழுது இதுவே. காலையில் ஒழுங்காக ஓடி, வண்டி சூடான பின் படுத்துவிடுவதும் இதன் இன்னொரு முகம். தட்டியதும் ஓடுகிறதே என்று சுத்தியலை இருக்கையின் அடியில் வைத்துக்கொண்டு திரிவது வேண்டாம்.

பிரஷ் மட்டும் மாற்றித் தரும் ஆர்மெச்சர் கடைகள் (மின்மோட்டார் பழுது பார்க்கும் கடைகள்) உண்டு. மோட்டாரைக் கழற்றியதும் உள்ளே பாருங்கள். செம்புப் பட்டைகள் சமமாகத் தேய்ந்து, உட்புறம் வறண்டு இருந்தால் பிரஷ் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. உள்ளே பிரேக் ஆயிலின் ஈரம் தெரிந்தால் பம்பின் சீல் ஒழுகுகிறது. புதுப் பிரஷும் சீக்கிரமே ஊறிப்போகும். அப்போது பம்பும் மோட்டாரும் சேர்ந்த பகுதியை மாற்றுவதுதான் சரி.

பம்ப் நெடுநேரம் ஓடுகிறது, அல்லது அடிக்கடி ஓடுகிறது

முழு செட்டையும் மாற்றச் சொல்லும் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும். நிதானமாகக் கேட்டால் மூன்று வேறு நோய்கள் தனித்தனியாகக் கேட்கும்.

காலியான நிலையிலிருந்து நிறைய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது; சத்தம் சோர்ந்து, இழுத்து இழுத்து வருகிறது; ஆனால் நிறைந்த பிறகு பெடல் நன்றாக இருக்கிறது, பம்பும் அமைதி. இது மோட்டாரின் சோர்வு அல்லது வோல்டேஜ் குறைவு. மேலே சொன்ன மின்சோதனைகளுக்குப் போங்கள்.

இரண்டாவது வகையில் பம்ப் சீக்கிரமாகவே நிறைத்து நின்றுவிடும், ஆனால் பெடலை ஒருமுறை தொட்டாலே மறுபடி ஓடும். ஒவ்வொரு மிதிப்புக்கும் ஓட்டம். சாவியை அணைத்துவிட்டு மிதித்தால் சில மிதிப்பிலேயே பெடல் கட்டையாகிவிடும். இது அக்குமுலேட்டரில் நைட்ரஜன் கசிந்துவிட்டதன் அடையாளம்; நசுங்க வாயு இல்லாததால் சேமிப்பும் இல்லை. வாயுவை மறுபடி நிரப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். இப்படி வாயு கசிவது மற்ற மாதிரிகளிலும் நடந்திருக்கிறது: 2013இல் டொயோட்டா தனது பிரியஸ் கார்களில் ஒரு பகுதியை பிரேக் அக்குமுலேட்டரின் நைட்ரஜன் கசிவுக்காகவே திரும்ப அழைத்தது.

மூன்றாவது வகைதான் வில்லங்கம். பம்ப் நிறைத்து நிற்கிறது. நீங்கள் பெடலைத் தொடவில்லை. சாவி ஆனில் இருக்க, சில நிமிடங்களில் பம்ப் தானாக ஓடி நிற்கிறது. மறுபடியும் அதே கதை. அழுத்தம் எங்கோ இறங்குகிறது. முதலில் வெளிக்கசிவைத் தேடுங்கள்: சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்புகள், உள்ளே பெடல் கம்பி சுவரைத் துளைத்து வரும் இடம். கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் போய்விட்டது. வெளியே எங்கும் ஈரமில்லை, டப்பாவில் மட்டமும் குறையவில்லை என்றால் கசிவு உள்ளுக்குள்ளேயே நடக்கிறது; உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து ஆயில் வால்வு வழியாக டப்பாவுக்கே திரும்பிப் போகிறது. இந்த ஒரு சூழலில் முழு செட் என்று சொல்லும் மெக்கானிக் சரியாகத்தான் சொல்கிறார்.

மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் முதல்முறை பம்ப் நெடுநேரம் ஓடுவதைப் பழுது என்று எண்ண வேண்டாம். மறுநாளும் அப்படியே ஓடினால் கவலைப்படுங்கள்.

மலை இறக்கத்தில் மட்டும் பஸ்ஸர் வருகிறது

நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் இது தலைகாட்டும். ஊருக்குள் ஒரு குறையும் தெரியாது. அடுத்தடுத்து மிதிக்கும்போது செலவு வரவை மிஞ்சுகிறது, அவ்வளவுதான். மோட்டார் சோர்ந்திருக்கலாம், அக்குமுலேட்டர் பாதி செத்திருக்கலாம். எது என்பதை மேலே சொன்ன சத்தச் சோதனை பிரித்துக் காட்டும். அதுவரை மலைப்பயணம் வேண்டாம்.

பெடல் பஞ்சுபோல் இறங்குகிறது

ஏர் புகுந்திருக்கிறது. அண்மையில் பேட், காலிப்பர், குழாய் என ஏதாவது மாற்றினீர்களா? இந்த வண்டிகளில் முன் சக்கரத்துக்கு வழக்கம்போல் மிதித்துப் பிடித்து ஏர் எடுக்கலாம். பின் சக்கரத்துக்கு அப்படி அல்ல: சாவியை ஆன் செய்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி நிப்பிளை (ஏர் வெளியேற்றும் திருகை) திறந்தால் பம்ப் தானாகவே ஆயிலைத் தள்ளும். அது வேகமாக வரும். டப்பா காலியாகாமல் ஒருவர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டாரை இடைவிடாமல் ஓட விடாமல் நடுவில் ஓய்வு கொடுங்கள். பூஸ்டரைக் கழற்றி மாட்டியிருந்தால் கடைசிக் கட்ட ஏர் எடுப்புக்கு டொயோட்டாவின் பிரேக் அமைப்போடு பேசும் ஸ்கேனர் வேண்டும். அது இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

எந்தக் குழாயைக் கழற்றுவதானாலும் முதலில் சாவி ஆஃபில் 40 மிதிப்பு. சேமிப்பு இருக்கும்போது ஸ்பானரை வைத்தால் ஆயில் கண்ணில் பீய்ச்சும்.

ஸ்கேனர் என்ன சொல்லும்

மலிவு விலை ஸ்கேனர்களில் பல இஞ்சினின் கோடுகளை, அதாவது பழுதுக் குறியீட்டு எண்களை, மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். சி1252 என்றால் பம்ப் மோட்டார் அளவுக்கு மீறிய நேரம் ஓடுகிறது. சி1253 ரிலேயின் சுற்றைக் காட்டுகிறது. சி1256 அக்குமுலேட்டரில் அழுத்தம் குறைவு. கவனியுங்கள்: சி1256 வந்ததாலேயே அக்குமுலேட்டர் கெட்டுவிட்டது என்று ஆகாது. மோட்டார் ஓடாவிட்டாலும் அங்கே அழுத்தம் இருக்காது, அதே கோடு வரும். கோடும் சத்தமும் ஒரே பக்கம் கை காட்டினால் மட்டும் பாகத்துக்குப் பணம் கொடுங்கள்.

பெரிய வட்ட டப்பா இருக்கும் வண்டிகள்

ஸ்கார்பியோ, சுமோ, இன்னோவா, வேக்குவம் பூஸ்டருள்ள பிராடோ எல்லாம் இதில் அடக்கம். இஞ்சினை அணைத்துப் பெடல் கட்டையாகும்வரை மிதியுங்கள். அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் வரவில்லை அல்லது டப்பா பிடிக்கவில்லை. டப்பாவுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, ஓடும் இஞ்சினில் விரலை வைத்து உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். உறிஞ்சினால் டப்பா அல்லது ஒருவழி வால்வு. உறிஞ்சாவிட்டால் குழாய் அல்லது வேக்குவம் பம்ப். பெடலை மிதிக்கும்போது கால் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று நிற்காமல் காற்றொலி கேட்டால் உள்ளே டயாபிரம் என்ற ரப்பர் திரை கிழிந்திருக்கும். ஆல்டர்னேட்டரின் பின்னால் வேக்குவம் பம்ப் பொருத்தப்பட்ட பழைய டீசல்களில் அந்த பம்புக்கு இஞ்சின் ஆயில் போகிறது. சீல் போனால் ஆல்டர்னேட்டரும் எண்ணெயில் குளித்துச் சார்ஜ் நின்றுவிடும். இரண்டு பழுதும் ஒரே நாளில் வந்தால் அங்கே பாருங்கள்.

பாகம் வாங்கும்போது

பம்ப், மோட்டார், அக்குமுலேட்டர் சேர்ந்த பகுதி பல மாதிரிகளுக்குத் தனியாகவே கிடைக்கிறது. முழு செட்டின் விலையைக் கேட்டு மயங்கும் முன் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து விசாரியுங்கள். சென்னையின் புதுப்பேட்டை, கொழும்பின் பஞ்சிகாவத்தை, ஷார்ஜாவின் பழைய உதிரிபாகக் கடைகள் எங்கும் கழற்றிய செட் கிடைக்கும். ஆனால் மேசைமேல் இருக்கும் அக்குமுலேட்டரில் வாயு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியில் மாட்டிச் சத்தம் கேட்டால்தான் தெரியும். எனவே "வேலை செய்யாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்வேன்" என்பதைக் கடைக்காரர் ரசீதில் எழுதித் தராவிட்டால் பழையது வேண்டாம். கழற்றிய பழைய உருளையைத் துளைக்கவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே இன்னும் வாயு அழுத்தத்தில் இருக்கலாம்.

மாட்டி முடித்ததும் கோடுகளை அழித்து, சத்தச் சோதனையை முதலிலிருந்து செய்து, புதிய விநாடிக் கணக்கைக் குறியுங்கள். சாலைக்கு வருமுன் ஆளில்லாத மைதானத்தில் மெதுவான வேகத்தில் சிலமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து ஆயில் மட்டத்தை மறுபடி பாருங்கள், 40 மிதிப்புக்குப் பிறகு.